திருமலையில் சனத்துக்கு வீடு கீறிப் பிழைக்க முடியுமா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரம் எழுதிவிட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படிக்க ஆசையாம். ஹோட்டல் கட்ட அல்ல. ஊர்ச் சனத்துக்குப் பயன்படுகிற, சூழலைக் கெடுக்காத கட்டடங்கள் செய்ய. அவருடைய அப்பாவோ, "பிளான் கீற ஊரில் ஆளா இல்லை, அதையும் அஞ்சு வருசம் படிக்க வேணுமா?" என்கிறார். இது ஒரு தொழிலாகுமா, வயிறு நிறையுமா என்பதுதான் கேள்வி.

ஆகும், தங்கச்சி. ஆனால் அப்பா சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியில் இருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் எழும்புகிற வீடுகளில் பெரும்பாலானவை கட்டடக் கலைஞர் ஒருவரின் முகத்தையே கண்டதில்லை. படவரைஞர் ஒருவர் சபை அனுமதிக்கு வேண்டிய பிளானைக் கீறிக் கொடுப்பார். மிச்சத்தை மேசன் பாஸும் வீட்டுக்காரரும் வளவில் நின்று தீர்மானிப்பார்கள். அதில் பல வீடுகள் நன்றாகவும் இருக்கின்றன. ஆகவே "நான் வந்தால்தான் நல்ல வீடு வரும்" என்ற நினைப்பை மொறட்டுவை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினேன். 2005ஆம் ஆண்டு, சுனாமியாகக் கடல் அடித்துச் சில மாதம்.

அப்போது வேலைக்குப் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலோரத்தில் வீடு கட்டக்கூடாத எல்லையை அரசாங்கம் தெற்கே 100 மீற்றர் என்றும் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்றும் முதலில் அறிவித்தது. கடலைப் பார்த்து இருந்த மீனவக் குடும்பங்களுக்கு உள்ளே தள்ளிக் காணி கொடுத்தார்கள். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அப்படி ஒரு இடத்தில் நான் கீறியது ஒரே பிளான், அறுபது வீடு. குசினிக்குப் பக்கத்துச் சுவரோடு உள்ளேயே மலசலகூடம் வைத்தேன். சுகாதாரம், குழாய்ச் செலவும் மிச்சம் என்று நினைப்பு. ஒரு வருசம் கழித்துப் போனால், பாதி வீடுகளில் மலசலகூடத்துக்குள் வலை கிடக்கிறது. குசினியில் நெல் மூட்டை. வளவின் பின்பக்கம் கிடுகால் ஒரு குசினி, வேலியோரம் தகரத்தால் ஒரு கக்கூசு. "பயனாளிகளுக்கு விழிப்புணர்வு தேவை" என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வசனத்தை எழுதிய கை என்னுடையதுதான்.

அங்கே இருந்த ஒரு அம்மா தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, கீற முதல் ஒரு நாள் வந்து நாங்கள் சமைக்கிறதைப் பார்த்திருக்கலாமே." விறகு அடுப்பு, மீன் வெட்டுகிற இடம், வலை உலர்த்துகிற இடம், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் தேவைப்படுகிற அந்த ஒரு சுவர், எதையும் நான் பார்த்திருக்கவில்லை.

இதைக் கேட்டறிவது ஒன்றும் புது வித்தையும் இல்லை. கண்டியில் மினெட் டி சில்வா 1950களின் கடைசியிலேயே செய்து காட்டிவிட்டார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். வட்டப்புலுவவில் அரச ஊழியருக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் ஒன்றை ஏற்றபோது, வரப்போகிற குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, நேரில் கூட்டி வைத்துப் பேசி, வருமானமும் வழக்கமும் எப்படி எப்படி என்று கேட்டு, பல வகை வீடுகளை வடிவமைத்தார். பல இனத்தவரும் வந்து குடியேறிய இடம் அது. அரை நூற்றாண்டு கழித்து, கணினி வைத்துக்கொண்டு ஒரே பிளானை அறுபது தடவை அச்சடித்தவள் நான். படிக்கிற காலத்தில் நம் நாட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெயர் காதில் விழுந்த அளவுக்கு மினெட்டின் பெயர் விழவில்லை என்பது என் பக்கத்து ஆதங்கம், அது இருக்கட்டும்.

தொண்டு நிறுவனங்கள் மூட்டை கட்டிப் போன பிறகுதான் உண்மையான படிப்புத் தொடங்கியது. வேலை இல்லை. வந்த முதல் தனியார் வேலை, டைக் வீதிப் பக்கம் பழைய வீடு ஒன்றில் கூரை ஒழுக்கு. ஓடுகளைப் பிரித்து ஏறிப் பார்த்தேன். கீழே பனஞ்சலாகை அப்படியே கல்லாக இருந்தது. இடையில் யாரோ சொருகிய மலிவு மரம்தான் உளுத்திருந்தது. இரண்டு நாளில் முடிந்தது. அதைப் பார்த்து அடுத்த வீட்டார் கூப்பிட்டார்கள், அப்புறம் ஒரு கோயில் மடம், ஒரு பள்ளிக்கூடம். "ஒழுக்குப் பார்க்கிற மிஸ்" என்றே பெயர் வந்துவிட்டது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பார்த்தால் என் தொழிலே அதில்தான் நின்றது. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் நான் இன்றைக்குக் கேட்கிற முதல் கேள்வி, இது பத்தாவது வருசம் பழுதானால் யார் திருத்துவார்கள், எதை வைத்துத் திருத்துவார்கள் என்பதுதான்.

பழைய வீடுகளின் கூரையில் கிடந்தபடியே நம் ஊர் வெயிலையும் படித்தேன். "வடக்குச் சுவர் குளிர்ச்சி" என்று பாடநூல் சொல்லும். அது எழுதியவரின் ஊருக்குச் சரி. திருமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் கிடக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் உச்சந்தலைக்கு மேலே வருகிற சூரியன், ஓகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கமாகவே நின்று சுடும். கச்சான் காற்று வீசிக் காய்ச்சி எடுக்கிற மாதங்களும் அவைதான். ஆனால் பயப்பட வேண்டியதில்லை: யூன் மாத நண்பகலில்கூட அது செங்குத்தில் இருந்து பதினைந்து பாகைதான் சாய்கிறது. பத்தடிச் சுவரை அந்த நேரத்தில் முழுக்க நிழலில் வைக்க, கூரை இறப்பு, அதாவது சுவரைத் தாண்டி நிற்கிற கூரை விளிம்பு, இரண்டே முக்கால் அடி வெளியே நீண்டால் போதும். பின்னேரத்து மேற்கு வெயிலுக்கு அந்தக் கணக்கு எடுபடாது. அது படுத்துக்கொண்டு உள்ளே வரும். அதற்கு விறாந்தை வேண்டும், அல்லது ஒரு வேப்பமரம் வேண்டும்.

காற்றும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே மழையை இறக்கிவிட்டு, இறங்கி வரும்போது சூடேறி, நமக்குக் கச்சானாக வருகிறது. பகலில் அந்தப் பக்க யன்னலைச் சாத்துவதும், பின்னேரம் கடற்காற்று எழும்பக் கிழக்கைத் திறப்பதும் நம் அம்மம்மாமாருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. வாடை வேறு கதை. நவம்பர், டிசம்பரில் வடகிழக்கில் இருந்து மழை சரிந்து அடிக்கும். அந்தச் சுவர்தான் முதலில் நனையும். 1964 டிசம்பர்ச் சூறாவளி திருமலையை அடித்தது. 2020 டிசம்பரில் புரேவி குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையேறியது. ஆகவே கூரையை வெளியே நீட்டினால் மட்டும் போதாது. கைமரத்தைச் சுவர்மேல் கிடக்கிற சுவர்த்தட்டு மரத்தோடும், சுவர்த்தட்டைச் சுவரின் மேலே ஓடுகிற கொங்கிரீட் பீமோடும் இரும்புப் பட்டியால் இறுக்க வேண்டும். நாலு பக்கமும் சரிகிற கூரை, இரண்டு பக்கக் கூரையைவிடக் காற்றுக்குத் தாக்குப் பிடிக்கும். இவ்வளவுக்கும் செலவு அதிகமில்லை. ஆனால் வேலை நடக்கும்போது நின்று பார்க்க ஆள் வேண்டும்.

இனி எல்லோரும் ஆசைப்படுகிற விசயத்துக்கு வருவோம்: மண் வீடு. உலகில் வெளியேறுகிற கரியமில வாயுவில் ஏழு எட்டு வீதம் சீமெந்தில் இருந்து வருகிறது. அதனால் சூழல் பற்றிப் படிக்கிற எவருக்கும் சீமெந்தின் மேல் ஒரு கோபம் வரும். எனக்கும் வந்தது, சீனக்குடாவில் சீமெந்துத் தொழிற்சாலையே இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு. 2011இல் கொட்டியாரக் குடாவின் தென்பக்கத்தில் ஒரு பாலர் பாடசாலையை அழுத்திய மண்கல்லால் கட்டினேன். அந்தந்த இடத்து மண்ணோடு நூற்றுக்கு ஐந்து அளவில் சீமெந்து சேர்த்து, கைமெசினில் அழுத்தி, சூளை வைக்காமல், நனைத்துக் காய விடுகிற கல் அது. மண்ணைப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வைத்து, மணலும் களியும் எந்த அளவில் அடைகின்றன என்று பார்ப்பதில் இருந்து எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். காசு முட்டியதும் ஒரு தவறு செய்தேன். கூரை இறப்பை ஒன்றரை அடியாகக் குறைத்தேன், அத்திவாரத்தையும் நிலமட்டத்தில் இருந்து கொஞ்சம்தான் உயர்த்தினேன்.

முதல் வாடையில் வடகிழக்கு மூலையில் கீழ் இரண்டு வரி கரைந்து குழி விழுந்தது. ஊரவர்கள் சும்மா இருக்கவில்லை, சீமெந்து குழைத்துப் பூசிவிட்டார்கள். அடுத்த மழையில் ஈரம் பூச்சுக்குப் பின்னால் அடைபட்டு, பூச்சு பாளம் பாளமாக உரிந்தது. அவர்கள் மேல் என்ன பிழை? மண்கல்லை எதனால் திருத்த வேண்டும் என்று ஒருவருக்கும் நான் காட்டிக் கொடுத்திருக்கவில்லை. மெசினும் வேலை முடிந்த அன்றே லொறி ஏறிப் போய்விட்டது. பிறகு கருங்கல்லால் இரண்டடி உயர்த்தி, அந்தப் பக்கம் விறாந்தை இறக்கி, ஊர்ப் பொடியன்கள் இரண்டு பேரைக் கூட வைத்துத் திருத்தினேன். இப்போது பழுது பார்ப்பது அவர்கள்தான். எனக்கு அழைப்பே வருவதில்லை.

அந்த வேலையில் இன்னொன்றும் தெரிந்தது. கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பி, "திரும்பவும் மண்ணா, மிஸ்?" என்று கேட்டார். 2006இல் மூதூர்க் கிழக்கில் இருந்து இடம்பெயர்ந்து, முகாம், உறவினர் வளவு, தறப்பாள் என்று அலைந்து வந்த சனம். அவர்களுக்குக் கல் வீடு என்றால் வெயில் மழைக் கணக்கு மட்டுமில்லை, இனி எங்களை எழுப்ப மாட்டார்கள் என்பதற்கு ஒரு அத்தாட்சி. அதற்கு முன்னால் நின்று கரியமில வாயுக் கணக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றில் இருந்து, சீமெந்தே வேண்டாம் என்று யாரிடமும் வாதாடுவதில்லை. எங்கே தேவையில்லையோ அங்கே குறைக்கிறேன். 2022இல் ஒரு மூட்டை மூவாயிரம் ரூபாய் அளவுக்கு ஏறியபோது அதைச் சொல்ல வேண்டிய தேவையும் எனக்கு இருக்கவில்லை, கடைக்காரரே சொல்லிவிட்டார்.

குறைப்பதற்குக் கட்டடக் கலைஞர் லோரி பேக்கரிடம் நிறைய இருக்கிறது. பேர்மிங்காமில் பிறந்து, 1945இல் தொழுநோயாளருக்கான வேலைக்காக இந்தியா வந்து, திருவனந்தபுரத்திலேயே 2007இல் காலமானவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டில் கால்வாசிக் கல் மிச்சம், வெப்பமும் தாமதமாகத்தான் உள்ளே வரும். ஸ்லாப்பின் அடிப்பக்கத்தில் கொங்கிரீட் பெரிதாக வேலை செய்யாது, அங்கே இழுவையைத் தாங்குவது கம்பிதான். அதனால் கம்பிகளுக்கு இடையே பழைய கூரை ஓடுகளை வைத்து வார்க்கலாம். இதைத்தான் ஃபில்லர் ஸ்லாப் என்பார்கள். ஆனால் பேக்கரை அப்படியே படியெடுக்க நம் ஊர் விடாது. எலிப்பொறிக் கட்டுக்கு ஒரே அளவான நல்ல செங்கல் வேண்டும், இங்கே சீமெந்துக் கல்தான் வழக்கம். கடலோரத்தில் ஸ்லாப் வார்த்தால் உப்புக் காற்று கம்பியைத் தேடி வரும். துரு பிடித்த கம்பி ஊதிக் கொங்கிரீட்டை வெடிக்கப் பண்ணும். நிலாவெளியில் பத்துப் பதினைந்து வருசத்திலேயே பீம் பிளந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கழுவாத மணல், கம்பிக்கு வெளியே போதாத கொங்கிரீட், இவை இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் என்றால் நான் ஓட்டுக் கூரைக்குத்தான் போவேன். பெயர்ந்தால் ஓடு ஒன்றை மாற்றலாம், பீமை மாற்ற முடியாது.

ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பானின் கிரிந்த வீடுகளையும் போய்ப் பாருங்கள். அம்பாந்தோட்டை மாவட்டத்தில், கடல் அடித்த முஸ்லிம் மீனவக் கிராமம் ஒன்றுக்காக அழுத்திய மண்கல்லும் இறப்பர் மரமும் கொண்டு செய்தது. வீட்டின் நடுவே கூரையிட்ட, பாதி திறந்த ஒரு வெளி. விருந்தாளி வந்தால் பெண்கள் விலகி இருக்கத் தோதாக மறைப்பு. முஸ்லிம்கள் அதிகம் வாழ்கிற கிண்ணியாவில், மூதூரில் வேலை செய்யப் போகிறவருக்கு இந்த ஒரு விசயமே பெரிய பாடம். இரண்டு வாசல் கேட்கிற வீட்டுக்கு ஒரு வாசல் கீறிக் கொடுத்துவிட்டு, அவர்கள் சுவரை உடைத்தார்கள் என்று குறை சொல்லக்கூடாது.

வீட்டுத் திட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வேலை பெரும்பாலும் அந்தப் பக்கம் இருந்துதான் வரும். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பமே நின்று கட்டியது, 550,000 ரூபாய் தவணை தவணையாக வந்தது. மேலிருந்து கட்டிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பல குடும்பங்கள் ஆசைக்கு அத்திவாரத்தை அகட்டிப் போட்டுவிட்டு, நகையை அடகு வைத்து, பூசாத சுவருக்குள் குடிபுகுந்தன. இன்றைக்கு இரண்டு அறை, ஐந்து வருசத்தில் இன்னும் ஒன்று, கூரையைப் பிரிக்காமலே சேர்க்கலாம் என்று கீறிக் கொடுக்க ஒரு ஆள் அங்கே இருந்திருந்தால் பாதிக் கடன் மிச்சம். அதற்கு நேர் எதிரே பொருத்து வீடு. வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று 2016 வாக்கில் பேச்சு எழுந்தது. வீடு ஒன்றுக்கு இருபது இலட்சம் ரூபாய்க்கு மேல். எதிர்ப்புக் கிளம்பி அந்த அளவில் நடக்கவில்லை, நல்ல காலம். அதன் சுவர் நசுங்கினால் எந்த ஊர் மேசன் திருத்துவான்?

சரி, வயிறு. உங்கள் அப்பாவுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

மொறட்டுவைக்கு வெட்டுப்புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. கீறுகிற கையையும் பார்க்கிற கண்ணையும் சோதிப்பார்கள். கிடைக்காவிட்டால் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் கொழும்புப் பள்ளி இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம், காலம் நீளும். படிப்பு ஆங்கிலத்தில். பட்டத்தோடு முடியாது, பயிற்சியும் தொழில்முறைப் பரீட்சையும் முடித்துப் பதிந்தால்தான் கட்டடக் கலைஞர் என்று போட்டுக்கொள்ளலாம். முதல் சில வருசம் கொழும்பில் யாரிடமாவது வேலை செய்யுங்கள், ஹோட்டல் என்றாலும் செய்யுங்கள். சிங்களம் நன்றாகப் பேசப் பழகுங்கள். நம் மாவட்டத்தில் மூன்று மொழியிலும் சண்டை பிடிக்கத் தெரியாமல் ஒரு கட்டடமும் முடியாது.

ஏழை வீட்டில் இருந்து கட்டணம் வராது. வந்தாலும் வாங்கக் கை வராது. எனக்குச் சோறு போடுவது நிலாவெளி, உப்புவெளி விருந்தினர் விடுதிகள், ஆசிரியர்மாரின் வீடுகள், பள்ளிக்கூடத் திருத்த வேலைகள். மூன்று கூலி வேலை செய்தால் ஒரு சும்மா வேலை செய்யலாம் என்பது என் கணக்கு. விடுதிக்காரரை வெறுக்காதீர்கள். ஃபில்லர் ஸ்லாப்பை எங்கள் மேசன்மார் முதன்முதலில் பழகியது ஒரு விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில். பிழை விட்டால் தாங்குகிற காசு அங்கேதான் இருந்தது. அதே ஆட்களை வைத்துத்தான் பிறகு சாம்பல்தீவில் ஒரு விதவைத் தாயின் வீட்டை முடித்தேன், ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. பாகிஸ்தானின் கட்டடக் கலைஞர் யாஸ்மின் லாரியைப் பாருங்கள். 1964 தொடக்கம் 2000 வரை பெரிய பெரிய கட்டடங்கள். ஓய்வு பெற்று, 2005 நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் மூங்கில், மண், சுண்ணாம்பு என்று இறங்கினார். 2023இல் பிரித்தானிய அரச தங்கப் பதக்கம் கிடைத்தது அந்த இரண்டாம் பாதிக்குத்தான்.

ஆட்களைப் பழக்குவது என்றதும் அம்பேபுஸ்ஸ இராணுவ முகாமின் நூலகம் நினைவுக்கு வருகிறது. கட்டடக் கலைஞர் மிலிந்த பத்திராஜாவின் குழு, போர் முடிந்த பிறகு இராணுவத்தினருக்கே மண்சுவர் வேலை பழக்கி எழுப்பியது. 2015இல் ஹொல்சிம் உலக விருதில் வெள்ளி வாங்கியது. முகாம் என்றதும் நம் ஊரில் பலருக்கு முகம் சுருங்கும், எனக்கும் சுருங்கியது. ஆனால் கட்டி முடிக்கும்போது கட்டடத்தோடு கைத்தொழிலும் மிஞ்ச வேண்டும் என்ற யோசனை யாருடையதாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

பெண் பிள்ளை என்பதால் ஒரு வார்த்தை. முதல் வேலைத்தலத்தில் மேசன் என்னிடம் பேசாமல், என்னோடு வந்த மோட்டார் சைக்கிள் பொடியனிடம்தான் அளவு கேட்டார். மட்டக்குழாயை எடுத்து நானே பிடித்துக் காட்டிய பிறகு பேச்சு மாறியது. ஆகவே விடுமுறையில் ஒரு மேசன் குழுவோடு இரண்டு மாதமாவது நில்லுங்கள். கல் வைக்கத் தெரியாதவருக்குக் கல் வைக்கிறவர் மரியாதை தர மாட்டார், அது நியாயமும்தான்.

பசுமைக் கட்டடச் சான்றிதழ்களைப் பற்றியும் கேட்பீர்கள். இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவையின் தரப்படுத்தல் பெரிய கட்டடங்களுக்கு நல்லது, காசு போடுகிறவரை ஒழுங்காக வைக்கும். ஏழையின் சின்ன வீட்டுக்கு அது வேண்டாம்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன், உளச்சார்புப் பரீட்சைக்கும் உதவும். உங்கள் வீட்டை நாடா பிடித்து அளந்து கீறுங்கள். பகல் இரண்டு மணிக்கு வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள், எந்தச் சுவரில் கை வைக்க முடியவில்லை, எந்த யன்னல் திறக்கப்படுவதே இல்லை, கூரையில் எங்கே எப்போது ஒழுகி யார் அடைத்தார் என்று அந்தப் பிளானிலேயே குறியுங்கள். கச்சான் ஓய்வதற்குள் செய்துவிடுங்கள். வாடை பிறந்ததும் அதே வீடு வேறு வீடாகிவிடும். அப்போது இன்னொரு தாளில் திரும்பக் கீறுங்கள்.